டிஸ்பென்சரின் வசனம்

போன கிழமை கண்டிக்குப் போயிருந்தேன். மழைக்கு ஒரு தையல் கடை வாசலில் ஒதுங்கினால், உள்ளே ஈரக் கம்பளித் துணிமேல் இஸ்திரிப்பெட்டி ஓடுகிறது. அந்த வாசனை மூக்கில் ஏறினதுதான் தாமதம், என் பிடரி மயிர் எழுந்து நின்றுவிட்டது. "உள்ளுக்கு வாங்க ஐயா" என்று தையல்காரர் கதிரையை இழுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை, கொட்டுகிற மழையிலேயே இறங்கி நடந்தேன். தையல் கடையைக் கண்டு பயந்தோடும் மனுசன் உலகத்தில் நான் ஒருவனாய்த்தான் இருப்பேன்.

சொல்கிறேன், கேளுங்கள். உத்தியோகத்துக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்த புதிதில், ஒரே கூரையின்கீழ் ஒட்டிக்கிடந்த மூன்று வீடுகளில் கடைசி வீட்டில் குடியிருந்தேன். அந்தக் காலத்து வாடகை வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே வெறும் இடைவெளி. காற்றோட்டத்துக்காம்! கல்லை மிச்சம் பிடிக்கத்தான் என்பது என் எண்ணம். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மூன்று வீட்டிலும் சோறு இறங்கும். முதல் வீட்டில் காசிம் நானா, தையல்காரர். அண்ணனை நானா என்பது முஸ்லிம்கள் வழக்கம். தெரு முழுக்க அவருக்கு அதுதான் பெயர். பின்னேரமானால் அவருடைய இஸ்திரிப்பெட்டி வாசனை நடு வீட்டையும் தாண்டி என் கட்டில்வரைக்கும் வரும்.

நடு வீட்டில் ஞானம் அக்காவும் புருஷனும். அவர் டிஸ்பென்சர், மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராய்த் திரிகிறவர். பிள்ளை குட்டி இல்லை. என்னைப்போல வேதக்காரர்கள். விளக்கு வைத்ததும் ஜெபம் தொடங்கிவிடும். பைபிளில் எந்த அதிகாரத்தை வாசித்தாலும் முடிவில் அதே ஒரு சங்கீதம்தான்; கோயிலில் சொல்வதுபோல அக்கா ஒரு வசனம், அவர் ஒரு வசனம், மாறி மாறி. அவருக்கு நல்ல வெண்கலத் தொண்டை, ஆனால் ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஒரு சின்ன இருமல் வரும். நான் கட்டிலில் புரண்டபடியே ஆமென் சொல்வேன். என் பக்தி அவ்வளவுதான்.

மலேரியாக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன நேரம். வத்தேகமவுக்கு அப்பால் மருந்து கொண்டுபோன டிஸ்பென்சரும் அங்கேயே படுத்துவிட்டார். செய்தி அக்காவுக்கு வரும்போது மண் போட்டு முடிந்துவிட்டது. முகத்தைக்கூடக் காணவில்லை, பாவம். அக்கா அழவில்லை. துக்கம் விசாரிக்கப் போனவர்களையெல்லாம் "வாங்க, இருங்க" என்று கேட்டுக்கொண்டு, யார் வீட்டுச் சாவோ என்பதுபோல இருந்தார்.

மறுநாள் விளக்கு வைத்ததும் ஜெபம் தொடங்கியது. அக்கா தன் வசனத்தைச் சொன்னார். பிறகு பேச்சில்லை. ஓர் ஆள் ஒரு வசனத்தை வாசித்து முடிக்கிற நேரம், நடுவில் இருமுகிற நேரத்தையும் சேர்த்து, பொறுத்திருந்தார். பிறகு "ம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தன் அடுத்த வசனத்துக்குப் போனார். சத்தத்துக்குப் பயந்திருப்பீர்கள். இன்னொருவருக்கென்று ஒதுக்கிவைத்த மௌனத்தைச் சுவருக்கு இப்பால் கிடந்து கேட்டிருக்கிறீர்களா? அந்த "ம்" வரும்வரை நான் மூச்சு விடமாட்டேன்.

இது ஒருநாள் கூத்தல்ல, மாதக்கணக்காய் நடந்தது. ஞானம் செத்த புருஷனோடு பேசுகிறாள் என்று தெருவெல்லாம் கதை. தண்ணீர் கொண்டுவருகிறவன் குடத்தை வாசலில் வைத்துவிட்டு ஓட்டம் பிடிப்பான். கடைசியில் வீட்டுச் சொந்தக்காரர் குடையும் கையுமாய் வந்து, "நீங்களும் வேதக்காரர்தானே தம்பி, எடுத்துச் சொல்லுங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குள் நுழைந்தார்.

"அக்கா, ரெண்டு பேற்ற வசனத்தையும் நீங்களே வாசிச்சுவிடுங்கோவன்" என்றேன்.

"அது அவரு வசனம் தம்பி. நான் எப்படி வாசிக்கிறது?"

சொந்தக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆவி கூப்பிடுற வீடுன்னு பேரு விழுந்துட்டா எவன் குடி வருவான்? இன்னைக்கும் அப்படி நிறுத்துனீங்கன்னா நாளைக்கே காலி பண்ணிடணும்."

காலி பண்ணி எங்கே போவது? பன்விலவில் இருந்த அக்காவின் தாய்வீடு எப்போதோ இல்லாமற் போயிருந்தது. நானாவின் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக் கொடுத்துத்தான் அக்காவின் அடுப்பு எரிந்தது. ஒரு மூச்சில் வாசித்துவிட்டால் வீடு தப்பும். வாசியுங்கோ அக்கா, வாசியுங்கோ என்று நான் மனசுக்குள் மன்றாடினேன்.

அக்கா விளக்கை வைத்தார். தன் வசனத்தைச் சொன்னார். நிறுத்தினார்.

சொந்தக்காரர் குடையை ஊன்றி எழும்பப் போனார். அந்நேரம் சுவருக்கு மேலே, கூரை இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் அடுத்த வசனத்தை வாசித்தது. டிஸ்பென்சரின் அதே இழுவை. நடுவில் அந்த இருமல். பிறகு மிச்ச வசனம்.

"முருகா!" என்று ஒரு சத்தம். குடை இங்கே, மனுசன் தெருவில். நான் ஓடவில்லை, தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள், கால் வந்தால்தானே! அக்கா மட்டும் அசையவில்லை. "ம்" என்றார். தன் வசனத்தைச் சொன்னார். மேலிருந்து பதில் வந்தது. முடிவுவரை அப்படியே.

ஆமென் சொன்ன பிறகு பின்கதவால் காசிம் நானா வந்தார். தலையில் தொழுகைத் தொப்பி, தோளில் அளவு நாடா.

"கோவிச்சிக்காதீங்க தங்கச்சி. சங்கீதமும் எங்கட தாவூது நபிக்கு எறங்கின வேதம்தானே. எத்தின வருஷமா துணி தேச்சிக்கிட்டே கேட்டது, மனசில ஏறிட்டு."

"இருமலுமா நானா?" என்றேன்.

"எனக்குப் பிரிக்கத் தெரியா தம்பி. கேட்டபடிதான் வாயில வருது."

அயலவனை நேசி என்று ஞாயிறு தவறாமல் பிரசங்கம் கேட்டவன் நான். சங்கீதமும் எனக்கு மனப்பாடம். வாய் திறந்தது காசிம் நானா, பாருங்கள்! மறுநாள் அவரே குடையைக் கொண்டுபோய்க் கொடுத்து, குரல் என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு வந்தார். தெருவில் ஓடின வெட்கத்தில் சொந்தக்காரர் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதன்பின் எந்நாளும் அந்தியில் மஹ்ரிப் தொழுதுவிட்டு நானா இஸ்திரிப்பெட்டியைப் பிடிப்பார், துணி வாசனையோடு வசனமும் சுவரேறி வரும். விஷயம் தெரிந்தும் என் பயம் போகவில்லை. வாசித்தது காசிம் நானா, கேட்டது டிஸ்பென்சரின் தொண்டை. செத்தவர் என் தலைக்கு மேலே இருமிக்கொண்டிருந்தால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

இன்றைக்கு அந்த வீடுகள் இல்லை, இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். அக்காவும் நானாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் போனது அந்த இருமல்தான். ஒரு பின்னேரம் நானாவின் வசனம் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது. வேண்டுமென்று விட்டாரா, மறந்துபோனாரா, நான் கேட்கவில்லை. முழுக்க முழுக்க அது நானாவின் சொந்தக் குரல்.

அக்காவிடமிருந்து "ம்" வரவில்லை. நான் எழும்பி உட்கார்ந்தேன். அங்கே இஸ்திரிப்பெட்டியும் நின்றுவிட்டது. பிறகு, "ஐயோ, என் ராசா போயிட்டீங்களே" என்று அக்கா அழத் தொடங்கினார், செத்த வீட்டில் அழுகிற மாதிரி, வாய்விட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு. அந்தப் பக்கம் நானாவும் இந்தப் பக்கம் நானும் ஆளுக்கொரு சுவரடியில் காத்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த வசனத்தை வாசித்தார்.