மூடி வைத்த குரல்

ரோடாவைப் பற்றி எங்கள் தீவில் யாரைக் கேட்டாலும், "அது ஒரு சந்தேகப் பிராணி" என்பார்கள். படகில் கால் வைக்குமுன் பெட்ரோல் டேங்கைத் தட்டிப் பார்ப்பாள். கடையில் பால்மாவு டின்னைத் திருப்பித் தேதி பார்க்காமல் கூடையில் போடமாட்டாள். பாதிரியார் வசன எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டால் இரண்டாவது வரிசையிலிருந்து தொண்டையைச் செருமுவாள். டாரஸ் நீரிணையில் இருக்கிற எங்கள் சின்னப் பள்ளியின் நூலகத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். எனக்குச் சித்தி மகள். நான் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பிலிருந்து இரண்டு கதவு தள்ளி அவள் நூலகம்.

ஒரு வருஷம், கடலுக்கு அந்தப்பக்கம் பெருநிலத்தில் இருக்கிற கல்வி அலுவலகம் மூன்று செயலிகளின் பெயரை அனுப்பி, ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள் என்றது. பிள்ளைகள் வாசிப்பதையும், தாய்மார் எங்கள் பாஷையில் சொல்லும் கதைகளையும் பதிந்து வைக்கத்தான். பிரின்சிபால் பெருநிலத்து ஆள், நல்ல மனுஷன். வண்ண வண்ணமாய்ப் படம் வந்ததைக் காட்டி, "இதே போதுமே ரோடா" என்றார். அவள் விடுவாளா? மூன்றையும் டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு, மழை பெய்தால் சிக்னல் செத்துப்போகிற படகுத்துறை மூலையில் போய் உட்கார்ந்தாள். மீன் நாற்றம் அடிக்கும் கையோடு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அமுக்கச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாப்பிள்ளை பாக்கிற மாதிரி பாக்கிறியேடி! நெஜமாவே மாப்பிள்ளைய இப்படிப் பாத்திருந்தா எப்பவோ கல்யாணம் ஆகியிருக்கும்."

"பாத்தேன். அதனாலதான் ஆகல" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்கு முக்கியமான கேள்வி வேறு இருந்தது. எங்கள் தீவில் ஒருவர் இறந்தால் சொந்தம் எல்லாம் கூட முடிகிற ஒரு வருஷத்தில்தான் கல்லறைக் கல்லை வரவழைத்து நட்டு, துணி போர்த்தி, எல்லார் முன்னாலும் திறப்போம். அன்றைக்குத்தான் துக்கம் முடியும். அதுவரைக்கும் சில வீடுகளில் இறந்தவர் படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள், குரலைக் கேட்கமாட்டார்கள். மூன்று செயலிகளில் இரண்டில் குரலை அழிக்கத்தான் வழி இருந்தது. மூன்றாவதில் 'மறை' என்று ஒரு பொத்தான் இருந்தது. ரோடா அந்த நிறுவனத்து ஆளை வீடியோவில் பிடித்துவிட்டாள்.

"இத அமுக்கினா யாருக்கும் கேக்காதுல்ல?"

"யார் கண்ணுக்கும் தெரியாது மேடம்."

"ஆனா உள்ளதான் இருக்கும்? சாகாது?"

"மறுபடி அமுக்குங்க, வந்துரும்."

அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு பொருளை மூடி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் தொடாமலே இருக்கிற ஆட்கள் உலகத்தில் உண்டு என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. ரோடா அந்தச் செயலியைத்தான் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் தாய்மார் வந்தார்கள். எல்லாரையும்விட நன்றாகக் கதை சொன்னவள் பெட்டினா. சிங்கி இறால் பிடிக்க முக்குளிக்கிற ஜெத்ரோவின் மனைவி. ஆட்டப் போட்டியில் தோற்றுப்போய் ஓட்டுக்குள் ஒளிந்துகொண்ட நண்டின் கதையை மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சொன்னாள். நடுவில் ஒரு சேவல் உள்ளே வந்துவிட, அதைத் திட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். குழந்தை டாமரிஸ் கலகலவென்று சிரித்தது. திட்டு, சிரிப்பு எல்லாம் பதிவாகிவிட்டன. "வெட்டி எடுத்துரலாமா?" என்று நான் கேட்டேன். "வெட்டினா உன் கையை வெட்டுவேன்" என்றாள் ரோடா.

பெட்டினாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இருதயத்தில் கோளாறு. அடுத்த மழைக்காலத்தில் ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. கடலைத் தாண்டுமுன்பே முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் அண்ணன் அமோஸ் நூலகத்துக்கு வந்தான். செருப்பை வெளியே விட்டான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"தங்கச்சி, அவ குரல மூடிரு. கல்லு தெறக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. நீயும்தான்."

"தொடமாட்டேண்ணே."

அன்றே மறைத்தாள். ஒரு பிரதி எங்கேயாவது தவறிப்போய்ப் பேசிவிடக்கூடாதே என்று டேப்லெட்டுகள் அத்தனையிலிருந்தும் துடைத்தாள். ரோடாவிடம்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஜெத்ரோவின் போனில் இருந்ததையும் அமோஸ் அழித்துவிட்டான். எங்கள் ஆட்கள் ஒன்றை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கல் திறப்பு தள்ளிக்கொண்டே போனது. ஒரு வருஷம் புயல். மறு வருஷம் பெட்டினாவின் பெரியப்பா போய்விட்டார். அப்புறம் வருஷா வருஷம் பெருநிலத்தில் வேலை பார்க்கிற சித்தப்பாக்களுக்கு லீவு ஒத்துவரவில்லை. டாமரிஸ் வளர்ந்து என் வகுப்புக்கே வந்துவிட்டாள். அம்மா முகம் படத்தில்கூடத் தெரியாத பிள்ளை. மணி அடித்ததும் நூலகத்துக்கு ஓடி ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"ஆன்ட்டி, அம்மா உள்ளதான இருக்காங்க?"

"உள்ளதான் இருக்கா. கல்லு தெறந்ததும் பேசுவா."

"எங்கூடவா?"

"நீ அவ மடியிலதாண்டி இருந்த. உங்கூடதான்."

வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், எங்கம்மா பேசப்போறாங்க என்று. பொறாமைப்பட்ட பிள்ளைகள்கூட உண்டு.

கடைசியில் நாள் குறித்தார்கள். கல் சரக்குப் படகில் வந்து இறங்கியது. விருந்தில் எல்லாருக்கும் முன்னால் பெட்டினா குரலைப் போடுவது என்று முடிவானது. ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று ரோடா அமோஸிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அத்தனை வருஷத்தில் முதல் முறையாக மறைத்தவை இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பக்கம் வெறுமையாக இருந்தது.

உதவி எண்ணுக்கு அடித்தோம். ஒரு சின்னப் பெண், ரொம்ப மரியாதை.

"மறைச்சு வச்சத ஒரு வருஷம் யாருமே தெறந்து பாக்கலன்னா, தேவையில்லாததுன்னு தானா அழிஞ்சிரும் மேடம். அந்தப் பக்கத்துக்குள்ள போயிருந்தீங்கன்னா அறிவிப்பு இருந்திருக்கும். ஒரே ஒரு தடவ தெறந்திருந்தாக்கூடப் போதும்."

"தெறக்கக்கூடாதுன்னுதானம்மா மூடினேன்" என்றாள் ரோடா.

மீட்க முடியுமா என்று கேட்டோம்; முடியாது என்றாள். நான் போனைப் பிடுங்கி வாய்க்கு வந்தபடி கத்தினேன். யாருமே கேட்காத குரல் யாருக்கும் வேண்டாத குரல் என்று எந்த மடையன் முடிவு பண்ணினான்? அந்தப் பெண் மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்டாள். ரோடா என் கையிலிருந்து போனை வாங்கி, "உன் தப்பு இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கரைக்குப் போனோம். ஜெத்ரோவும் அமோஸும் படகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ரோடா சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஜெத்ரோ தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நாங்கதான மூடச் சொன்னோம்" என்றான் அமோஸ். "நீ சொன்ன சொல்லக் காப்பாத்துன. போ தங்கச்சி, வீட்டுக்குப் போ."

வீட்டு வாசலில்தான் ரோடா உடைந்தாள். "திட்டியிருக்கலாம்லடி. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ல." பால்மாவு டின்னைக்கூட நம்பாதவள் ஒரு பொத்தானை நம்பிவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிள்ளையிடம் நானே சொல்கிறேன் என்றேன். ரோடா ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் நூலகத்தில் டாமரிஸைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். பிள்ளை அழவில்லை.

"நீங்க கேட்டிருக்கீங்கல்ல ஆன்ட்டி? நீங்க சொல்லுங்க."

ரோடா நண்டுக் கதையை ஒரு சொல் விடாமல் சொன்னாள். டாமரிஸ் கடைசிவரை கேட்டாள்.

"இது ஆன்ட்டி குரல். அம்மா குரல் எப்படி இருக்கும்?"

ரோடா என்னைப் பார்த்தாள். கதை எனக்கும் மனப்பாடம். குரலைத் தேடினால் ரோடா குரல்தான் வருகிறது.

சனிக்கிழமை கல்லைத் திறந்தார்கள். துணிகளை ஒவ்வொன்றாய் எடுத்ததும் பெட்டினாவின் படம் கல்லில் சிரித்தது. மண்ணுக்குள் புதைத்துச் சுட்ட பன்றியையும் கிழங்கையும் தோண்டி எடுத்தார்கள். மத்தளம் முழங்கியது, ஆடினார்கள். டாமரிஸ் புதுக் கவுனோடு பாய்க்குப் பாய் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெரியம்மா, கணீரென்ற குரல் என்றாள். அமோஸ், "மெலிசு, சின்னப் பிள்ள மாதிரி" என்றான். இன்னொருத்தி, கரகரப்பு என்று அடித்துச் சொன்னாள். ரோடா தட்டைத் தொடாமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் டாமரிஸ் அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. அம்மா கட்டையா பேசுவாங்களா, மெலிசாவா?"

ஜெத்ரோ கையைத் துடைத்துவிட்டு அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். கண்ணை மூடினான். மத்தளக்காரர்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினார்கள்.

"வர மாட்டேங்குது கண்ணு" என்றான்.