தயிர்ச் சட்டியில் ஒரு சாறுண்ணி

போன வெள்ளிக்கிழமை என் மகள் விஜயா சயின்ஸ் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் பரீட்சை.

"ஒட்டுண்ணி, உயிருள்ளவற்றிலிருந்து உணவை எடுக்கும். சாறுண்ணி, இறந்து மட்கியவற்றிலிருந்து உணவை எடுக்கும்..."

நான் எட்டாவதோடு நின்றவன். எங்கள் பாடத்தில் பாக்டீரியாவே கிடையாது! "இதெல்லாம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"நம்ம தயிர்ச் சட்டியிலயே இருக்குப்பா. பாலுக்கு உசுரு இல்லேல்ல? அதைத் தின்னு பாக்டீரியா வளருது. அப்ப அது சாறுண்ணிதேன். டீச்சர் சொன்னாங்க."



அவள் அம்மா தை மாதம் காலமானாள். கடைசியாக அவள் உறை ஊற்றிய தயிரில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் பாலில் ஊற்றினேன். அதிலிருந்து ஒரு கரண்டி, அதற்கும் மறுநாள்... இன்றுவரை விட்டதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. சிரிப்பார்களே!

ஊற்றியவள் இல்லை. ஊற்றியது மட்டும் தினமும் புதுப் பாலைத் தின்று உயிரோடு இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் வேறு இருக்கிறதாம்!

சாயங்காலம் பாலைக் காய்ச்சி ஆற வைத்துவிட்டுச் சட்டியைத் தேடினேன். சுத்தமாகக் கவிழ்ந்து கிடந்தது.

செம்பட்டியிலிருந்து வந்திருந்த என் அக்காவின் வேலை. "அடியில செத்தோண்டு புளிச்ச தயிரு கெடந்துச்சு. கொட்டிட்டுச் சாம்பல் போட்டு வெளக்கி வச்சேன். ஏலே, அதுக்கு ஏன் மூஞ்சி இப்பிடிப் போகுது?"

என்னத்தைச் சொல்வது? வெறும் தயிர்தானே...

விஜயா புத்தகத்தை மூடினாள். "அப்பா, போன வாரம் பக்கத்து வீட்டு மேரியம்மா நம்மகிட்டத்தேன் உறைமோர் வாங்குனாங்க. அதைத்தேன் இன்னும் ஊத்திக்கிட்டிருப்பாங்க."

அடுத்த வீட்டு வாசலில் போய் ஒன்று கேட்பதென்றால் எனக்கு உடம்பே கூசும். ஆனாலும் டம்ளரோடு போய் நின்றேன்.

மேரியம்மா கையைப் பிசைந்தார். "விளக்கு வச்சாச்சேண்ணே... வெள்ளிக்கெழம வேற. இந்நேரம் மோரு தயிரு வீட்டவிட்டுப் போகக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரவுகதேன் எனக்குச் சொன்னாக. நாங்க வேதக்காரவுக, எங்களுக்கு எதுக்குக்கான்னு கேட்டாலும் விட மாட்டாக."

ஆமாம், விடமாட்டாள்தான். அவள் போட்ட சட்டத்தை நானா மீறுவது? திரும்பினேன். ஆனால் விடியும்வரை அந்த வீட்டில் ஒரு கரண்டியாவது மிஞ்சுமா?

"செத்த நில்லுங்கண்ணே! குடுக்கத்தானே கூடாது? பாலை இங்கன கொண்டாங்க. நானே உறை ஊத்தி வைக்கிறேன். விடிஞ்சதும் வந்து எடுத்துக்கிடுங்க."

விடிந்ததும் போனேன். கட்டித் தயிர்!

பரீட்சைக்குக் கிளம்புமுன் விஜயா பழைய சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள். படியிறங்கும்போது, "அத்தே, சட்டியைக் கழுவிறாதீங்க" என்றாள்.

யோசித்துப் பார்க்கிறேன்... நான் பொத்திப் பொத்தி வைத்தது ஒரே கழுவலில் போயிற்று. கொடுத்ததுதான் மிஞ்சியது!