மேல்தட்டில் ஒரு பை

தபால் பிரிக்கும் கூடத்தில் அவளுக்குக் கழுகு என்று பேர். கோழி கிளறியது போன்ற கையெழுத்தையும் ஒரே பார்வையில் படித்து, உரிய பைக்குள் வீசிவிடுவாள். அந்தப் பேரில் அவளுக்குப் பெருமைதான். கெட்டிக்காரர்கள் பலருக்கும் உள்ள பெருமை அது. மெச்ச அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

கூடத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தரையில் இருக்கும் பை போக வேண்டியது. மேல்தட்டில் இருக்கும் பை போகக் கூடாதது: முகவரி விளங்காதவை, ஆள் இல்லை என்று திரும்பியவை. வண்டியில் ஏற்றும்போது யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. புதிதாக வருகிறவர்களிடம் கழுகு முதல் நாளே சொல்லிவிடுவாள்: "மேல கை வச்சா கைய ஒடிச்சிருவேன்."

வண்டி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது தரை முழுக்கப் பைகள். போதாததற்கு மழை, கதவடியில் தண்ணீர் கசிந்தது. கடிதம் நனைந்தால் காய்ந்துவிடும். மருத்துவ உதவித் திட்டத்தில் நோயாளிகளுக்கு வரும் மாத்திரைப் பொட்டலங்கள் நனைந்தால்? கழுகு அவற்றை மட்டும் பொறுக்கி ஒரு பையில் போட்டு, வாயைக் கட்டி, மேல்தட்டில் ஏற்றி வைத்தாள். வண்டி வந்ததும் முதலில் இதுதான் போக வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அவற்றில் ஒன்று அவளுடைய கீழ்வீட்டுத் தையல்காரிக்கு வந்தது. தையல்காரிக்கு வலிப்பு உண்டு. மாத்திரை தவறாத வரை அது எட்டிப் பார்ப்பதில்லை.

"என்னக்கா, உங்க வண்டிக்கு இன்னும் கால் முளைக்கலையா?" என்றாள் தையல்காரி, மாடிப்படியில் மறித்து.

"முளைச்சதும் உன் வாசல்லதான் வந்து நிக்கும்."

"சிரிப்பு இருக்கட்டும். மாத்திரை தீரப்போகுது. பாதி பாதியா உடைச்சுப் போட்டுக்கிறேன்."

"உன்னுதைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்டி."

"அப்போ கையோட கொண்டு வாங்களேன்."

"கூடத்துலேர்ந்து ஒரு தபால் என்கூட வெளிய வந்தா என் சீட்டு கிழிஞ்சிடும். விநியோக ஆபீஸ் வழியாத்தான் வரணும். வண்டி ஓடட்டும், முதல்ல உன்னுதுதான்."

வேலைநிறுத்தம் முடிந்தது. வண்டிகள் வரிசையில் நின்றன. கழுகும் இடுப்பு விட்டுப்போகும் வரை பை தூக்கினாள். தரை வெறுமையானதும் பெருமூச்சு விட்டாள். தரை காலி என்றால் வேலை முடிந்தது. அவள் கண் பழகிய உயரத்தோடு நின்றுவிட்டது.

"ஊருக்கெல்லாம் தபால் வந்தாச்சு, எனக்கு மட்டும் வரலையேக்கா?" என்றாள் தையல்காரி.

"எங்க பக்கம் துடைச்சு அனுப்பியாச்சு. விநியோக ஆபீஸ்ல குறட்டை விட்டுட்டு இருப்பானுங்க. போய் நாலு வார்த்தை கேளு."

தையல்காரி போய் வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பினாள். அதற்குள் பாதி மாத்திரைகளும் தீர்ந்திருந்தன.

மறுநாள் தைத்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்தது. கால், தையல் இயந்திரத்தின் மிதியை அழுத்தியபடியே விறைத்துக்கொண்டது. ஊசி ஆள்காட்டி விரலைத் துளைத்துக்கொண்டு போயிற்று. அவள் கணவர் பெயிண்டர்; பெயிண்ட் கையோடு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கட்டுப் போட்டு, ஒரு ஊசி போட்டு, வழக்கமான மாத்திரையை விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பார்க்க வந்த கழுகிடம் பெயிண்டர் சொன்னார்: "உங்களை ஒண்ணும் சொல்லலக்கா. நீங்கதான் அக்கறையா எடுத்து வச்சீங்களே."

எடுத்து வைத்தேன். எங்கே?

கழுகு செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கூடத்துக்கு ஓடினாள். தலை நிமிர்ந்தாள். அவள் கட்டிய முடிச்சோடு பை அங்கேயே இருந்தது. சீட்டு கிழிவதைப் பற்றி அப்போது நினைக்கவில்லை. பொட்டலத்தை உருவி, சாப்பாட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினாள்.

தையல்காரி மாத்திரையை விழுங்கியதும் பெயிண்டர் சொன்னார்: "வேலையப் பணயம் வச்சுக் கொண்டு வந்திருக்கீங்க. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

அந்த நன்றியோடு அவள் மாடியேறியிருக்கலாம். ஏற நினைத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மேல்தட்டுல கிடந்துச்சு. வச்சதும் நான், மறந்ததும் நான். பழியை விநியோக ஆபீஸ் மேல போட்டேன்."

பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல்காரி கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பையில என்னுது மட்டுமாக்கா இருந்துச்சு?"

தெரிந்த முகவரி கண்ணில் பட்டவுடன் உருவிக்கொண்டு வந்த கழுகுக்கு, பையின் வாயைத் திரும்பக் கட்டினாளா என்பதுகூட நினைவில்லை. பை இன்னும் மேலேதான் இருந்தது.

அவள் கூடத்துக்குத் திரும்பிப் போனபோது மேற்பார்வையாளர் பூட்டும் கையுமாக நின்றார். எல்லாவற்றையும் சொன்னாள், வெளியே கொண்டுபோன பொட்டலம் உட்பட.

"அதை நாளைக்கு விசாரிக்கலாம். பை காலைல முதல் வண்டியில போயிடும். வீட்டுக்குப் போம்மா."

"இப்பவே போகணும் சார். ஓட்டுநரைக் கூப்பிடுங்க. திட்டுறதை என்னைத் திட்டட்டும்."

வீட்டுக்குப் போகும் பாதி வழியிலிருந்து திரும்பிய ஓட்டுநர் திட்டத்தான் செய்தார். "கழுகு மேலேர்ந்து கீழ பாக்கும்னு தெரியும். மேல பாக்காதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து, பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரே பார்வையில் படிக்கிறவள், அன்று ஒவ்வொரு பேரையும் முழுதாகப் படித்தாள். யாரிடம் இன்னும் பாதி மாத்திரையாவது மிச்சம் இருக்கிறது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.