எழுதிக் கொடுப்பவர் இருவர்

அப்பாவின் வருஷத் திதி முடிந்த கையோடு தம்பி போன் செய்தான். சிஞ்ச்வட்டில் எங்கள் ஃப்ளாட் இருக்கும் பழைய சொசைட்டிக் குடியிருப்பை இடித்துவிட்டு பில்டர் புதிதாகக் கட்டித் தரப்போகிறாராம். அக்ரிமென்ட் ஒருத்தர் பேரில் இருந்தால் வேலை சுலபமாம். அதனால் நான் ஒரு 'ஹக்க சோட் பத்ர' எழுதித் தர வேண்டும் என்றான்.

மகாராஷ்டிராவில் இது சகஜம். அப்பா போனதும் அக்கா தங்கைகள் தங்கள் பங்கை விட்டு, அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். பதிலுக்கு ஒரு நல்ல புடவை கிடைக்கும், பிறந்த வீட்டு உறவு அறுந்து போகாது. திருநெல்வேலியிலிருந்து வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் வீட்டுக் குழம்பில் மராத்தி வாடை அடிக்கவிடாத அம்மா, இந்த ஒரு வழக்கத்தை மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

நான் உடனே சரி என்றேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நான் டீச்சர். எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். பெண்கள் படிக்கப் போராடியதையும், ஓட்டு கேட்டதையும், சொத்தில் பங்கு கேட்டதையும் வருஷா வருஷம் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுக்கிறேன். இதே பகுதியில் அந்தக் காலத்தில், பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போனவள் மேல் சாணி எறிந்தார்கள் என்று சொல்லும்போது என் குரல் தானாக உயரும். வகுப்பில் அப்படி வீராங்கனையான நான்தான் தம்பியிடம், "எந்த டேட்டுன்னு சொல்லு, லீவு போடணும்" என்று கேட்டேன். மாட்டேன் என்றால், அம்மாவைப் பார்க்கப் போகும்போது அந்த வீட்டில் யார் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்ற பயம்தான். வேறு காரணம் எதுவும் கிடையாது.

பத்திரத்தின் நகலை தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பத்துப் பக்கம், முழுக்க மராத்தி. இங்கேயே பிறந்து படித்தவள், எனக்கு மராத்தி வாசிப்பது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் திறக்கவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறவள் குறடை எதற்கு முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பதிவு அலுவலகத்தில் நல்ல கூட்டம். அம்மாவும் தம்பியும் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி மனைவி ஆபீஸில் லீவு கிடைக்காததால் புடவையை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தாள். அம்மா அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "மாம்பழக் கலருட்டி. உனக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. சிரித்து வைத்தேன்.

எங்கள் டோக்கன் வந்தது. கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி, பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே அம்மாவை முதலில் உட்காரச் சொன்னார். சாட்சிக்குத்தான் அம்மா வந்திருக்கிறாள் என்று நினைத்திருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஆஜி, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்று பாட்டி முறை வைத்து மராத்தியில் கேட்டார்.

அம்மா காய்கறிக்காரர்களிடம் பேரம் பேசும் அளவுக்கு மராத்தி பேசுவாள். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. "என் பொண்ணு டீச்சர். எல்லாம் படிச்சுட்டா" என்று பெருமையாக என்னைக் காட்டினாள்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியா? உங்க பாஷையில ஒரு தடவை சொல்லிடுங்க. அவங்க சரின்னு சொன்னா போட்டோ எடுத்துடலாம்."

பத்திரம் என் கைக்கு வந்தது. இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். எழுதிக் கொடுப்பவர் இருவர். நம்பர் ஒன்று, அம்மா. நம்பர் இரண்டு, நான். எழுதி வாங்குபவர் தம்பி.

"இதுல அம்மா பேர் ஏன்ல இருக்கு?" என்றேன்.

"ஏஜென்ட் போட்ட ஃபார்மட்க்கா. ஒரே பேர்ல இருந்தாத்தான் பில்டருக்கு டென்ஷன் இல்ல. அம்மா எங்கூடத்தானே இருக்காங்க? ஷார்ட்டா சொல்லி முடி, பின்னாடி லைன் நிக்குது."

அவன் கெட்டவன் இல்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பவன். அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஷார்ட்டாகச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் சமோசா சாப்பிடப் போகலாம். ஆனால் என் வாயால் அம்மாவிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"அம்மா, அப்பா வீட்டுல உனக்கு ஒரு பங்கு, எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. நாம ரெண்டு பேரும் நம்ம பங்கை விட்டுட்டோம்னு இதுல இருக்கு. இனிமே வீடு முழுசும் தம்பிக்கு. உனக்கு அதுல எந்த உரிமையும் இல்ல. பின்னால கேக்கவும் முடியாது."

அம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்து யாரோ சலித்துக்கொண்டார்கள்.

"அப்ப நாளைக்கு இவன் என்னப் போன்னு சொன்னா நான் போகணுமா?"

"போகணும்மா."

"அம்மா! நான் அப்படிச் சொல்வனா?" தம்பியின் முகம் சிவந்துவிட்டது.

"நீ சொல்ல மாட்டய்யா. எனக்குத் தெரியும்." அம்மா புடவைப் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். "ஆனா நான் கையெழுத்து போட மாட்டேன். அந்த மனுசன் கசார்வாடி பட்டறையில இரும்போட இரும்பா வெந்து வாங்குன வீடு. டிபன் கட்டிக் கொடுத்தது நானு. நான் போட மாட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் வகுப்பில் நான் கத்தியதெல்லாம் ஒன்றுமே இல்லை, என் அம்மா ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள் என்று பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பு அரை நிமிஷம்தான் நின்றது.

அம்மா தம்பியின் கையைப் பிடித்தாள். "எம் பேர எடுத்துட்டு, இவ பேர மட்டும் வச்சு வேற எழுதச் சொல்லு. இவ போட்டுருவா."

என்னை அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

"நானும் போட மாட்டேன்மா."

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஏட்டி, உனக்கென்ன கொறச்சல்? தளேகாவ்ல உனக்குத்தான் வீடு இருக்கே."

"அது உன் மருமகன் பேர்ல இருக்கு. என்னை நாளைக்குப் போன்னு சொன்னா நான் எங்கம்மா போறது?"

அதிகாரி என் கையிலிருந்த பத்திரத்தை வாங்கி மூடி தம்பியிடம் நீட்டினார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

சொசைட்டி வேலை இப்போது மூன்று பேர் கையெழுத்தோடு நடக்கிறது. தம்பி ஃபார்ம்களை கூரியரில் அனுப்புகிறான், போன் செய்வதில்லை. அவனும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிப் போனபின் அம்மா தினமும் பேசுகிறாள். கால் வலி, தண்ணீர் வராத நாள், டாக்டர் சொன்னது எல்லாம் சொல்வாள். தீபாவளி வந்தது, பொங்கலும் வந்தது. வா என்று மட்டும் அவள் சொல்லவில்லை. தன் வீட்டை விடமாட்டேன் என்று ஆபீஸ் நிறைந்த கூட்டத்தில் சொன்னவளுக்கு, அந்த வீட்டுக்கு மகளைக் கூப்பிட இன்னும் மகனுடைய அனுமதி வேண்டியிருக்கிறது.