அவருடைய குரல் இருக்கும் படம்

மடியில் என் கணவரின் தடித்த கோட்டு. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில், கடைசிக் கதிரையில் அதை அணைத்தபடி இருந்துதான் நான் மாஸ்டரின் பாட்டுகளையெல்லாம் கேட்டேன்.

மாஸ்டர் அயர்லாந்துக்காரர். இளவயதிலிருந்தே அங்கே பாடகர் குழுக்களுக்குப் பாட்டு அமைத்தவர். பெரிய தேவாலயங்களில் அவற்றைப் பாடுவார்களாம். பாடுகிறவர்களின் முகத்தைப் பின்வரிசையில் இருப்பவர்கள் பார்க்க முடிவதில்லையே என்ற குறையில் ஒரு வீடியோ கமரா வாங்கி, படமும் எடுக்கத் தொடங்கினார். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு, குரல் எப்படி என்று பாராமல் வந்தவர்களையெல்லாம் குழுவில் சேர்த்துக்கொண்டார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் என் கணவரும் அப்படிச் சேர்ந்தவர்தான். மாஸ்டரின் பாட்டுகளில் சொற்கள் குறைவு. ஒரு குரல் இன்னொரு குரலின் மேல் சாய்ந்து நிற்கும். உங்கள் குரல் உங்களுக்கே கேட்டால் குறையுங்கள், பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள் என்று ஓயாமல் சொல்வார்.

இதை வைத்தே கணவர் என்னைச் சீண்டுவார்.

"நீரும் வந்து நில்லுமன். உம்மட குரலை ஆர் தனியக் கேக்கப்போகினம்?"

"எனக்கு வெக்கமாக் கிடக்கு. நீங்கள் பாடுங்கோ, நான் கோட்டைப் பாக்கிறன்."

"ஓமோம், உந்தப் பழங்கோட்டை எடுக்கத்தானே கள்ளர் வெளியிலை வரிசையிலை நிக்கினம்!"

கணவர் காலமான பிறகு வீட்டில் படங்கள் நிறைய இருந்தன. குரல் எங்குமே இல்லை. எத்தனையோ கலியாண வீடியோக்களில் அவர் சிரிக்கிறார், சாப்பிடுகிறார், யாரோடோ கதைக்கிறார். எல்லாவற்றின் மேலும் சினிமாப் பாட்டு ஓடுகிறது.

அப்போதுதான் மாஸ்டர் எடுத்த படத்தில் குழு பாடுவது நினைவுக்கு வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனேன். அப்பாவின் குரலை மட்டும் பிரித்துத் தர முடியுமா என்று எனக்காக அவள் கேட்டாள். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். எந்தக் குரலும் தனித்துத் தெரியக்கூடாது என்றுதான் வாழ்நாள் முழுவதும் உழைத்தேன், இனிப் பிரிக்க முடியாது என்றார். நான் எழும்பிவிட்டேன். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிக் கணினியைத் திறந்தார்.

படத்தில் மாஸ்டரின் கை மேலே நிற்கிறது. அது இறங்கினால்தான் பாட வேண்டும். இறங்கவில்லை. அதற்குள் "ஆ" என்று ஒரே ஒரு குரல். என் கணவருடையது. ஊர்க்கோயிலில் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர் அடியை முடிக்குமுன்பே கூட்டம் எடுத்துவிடும். அந்தப் பழக்கம் இங்கேயும் அவரை விடவில்லை. முகத்தில் வெட்கம் பரவுகிறது. பிறகு கை இறங்க, எல்லாரும் சேர்ந்துகொள்கிறார்கள்.

பிழையில்லாத பதிவும் ஒன்று இருந்ததாம். "இந்த மனிதரால் காத்திருக்க முடியவில்லை. அதைப் போய் எப்படி வெட்டுவேன்?" என்றார் மாஸ்டர்.

மாஸ்டர் இப்போது அயர்லாந்துக்கே திரும்பிவிட்டார். அங்கேயும் பாட்டும் படமும்தானாம். நான் ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மகள் வீட்டில் இருக்கிறேன். எல்லாரும் வேலைக்குப் போன பின், மாஸ்டர் தந்த படத்தில் அந்த இடத்தைப் போட்டுக் கேட்பேன். மற்றக் குரல்கள் வந்து அவரை மூடுமுன் நிறுத்திவிட விரல் போகும். நிறுத்துவதில்லை. அத்தனை பேர் நடுவில் அவரைத் தனியே வெட்கப்பட விட எனக்கு மனம் வராது.