சீட்டு மாறிய சுருள் கல்

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் கல் கழுவும் பெண்ணுக்கு எல்லோருமாக வைத்த பெயர் ஊமைக்கோட்டான். ஏழாவதோடு படிப்பை விட்டவள். வாய்தான் திறக்காதே தவிர, கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஒன்பது வருடமாக அவள் கழுவுவது அம்மோனைட் கற்கள். ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்து, பூண்டோடு அற்றுப்போன பிராணிகளின் சுருள் ஓடுகள், கல்லாகிப் போனவை. எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு உண்டு. சீட்டு போனால் அது வெறும் கல்.

போன மாதம் கல் உலரட்டும் என்று மின்விசிறியைப் போட்டாள். மூன்று சீட்டுகள் பறந்து தரையில் விழுந்தன. யாரும் பார்க்கவில்லை. குத்துமதிப்பாக மூன்றையும் கற்களுக்கு அடியில் செருகிவிட்டாள்.

இன்று காலை ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா தலைகால் புரியாமல் ஓடிவந்தார்.

“ஏய் கோட்டான், இந்த அம்மோனைட் குடும்பமே கீழ் அடுக்கோட அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டிருந்தோம். இப்ப ஒண்ணு அதுக்கப்புறம் வந்த மேல் அடுக்குல இருக்கு! அவனவன் வாயைப் பொளக்கப் போறான். சாயங்காலம் கட்டுரையை அனுப்பிடுவேன்.”

அவர் கையிலிருந்த கல் அந்த மூன்றில் ஒன்று. சொன்னால் வேலை போய்விடும். வீட்டில் அடுப்பு எரிவதே இந்தச் சம்பளத்தில்தான். சொல்லாவிட்டால், செத்துப்போன ஒரு குடும்பம் அவள் செருகிய சீட்டால் புத்தகத்தில் உயிரோடு உலவும். நான்கு மணிக்குக் கல்லில் மண் நெம்பும் ஊசியை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

“அம்மா, அந்தக் கல்லைக் கொஞ்சம் குடுங்க.”

“அட, கோட்டானுக்குப் பேச்சு வருதே!”

சுருளின் நடுக்குழிக்குள் பிரஷ் போகாது. அங்கே ஊசியை விட்டு நெம்பினாள். வெள்ளைத்தாளில் சாம்பல் நிறப் பொடி உதிர்ந்தது.

“மேல் அடுக்கு மண்ணு செவப்பும்மா. இது கீழ் அடுக்கு. சீட்டு பறந்துச்சு... நான்தான் மாத்தி வச்சுட்டேன்.”

டாக்டரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. “எப்ப?”

“போன மாசம்.”

“அதுக்கு முன்னாடி?”

“பறந்ததில்லம்மா.”

“அத நான் எப்படி நம்பறது?”

அவள் பொடி விழுந்த தாளை டாக்டரம்மா பக்கம் நகர்த்தினாள்.

“ஒம்பது வருஷமா நீ கழுவின கல்லு மொத்தத்தையும் எடு. பொடியும் சீட்டும் ஒத்துப்போகுதான்னு ஒவ்வொண்ணா குத்திப் பாரு.”

“என் வேலை...?”

“மொதல்ல அத முடி.”

கீழ்த்தளத்தில் சுவர் முழுக்க இழுப்பறைகள். முதல் இழுப்பறையைத் திறந்து, முதல் கல்லின் குழிக்குள் ஊசியை இறக்கினாள். பொடி விழும்வரை மூச்சு விடவில்லை.