இருபத்தைந்தாவது வீடு

மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பட்ஜெட் ஆய்வாளர் வேலைக்கு என்னென்ன கணிதம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரோ பட்டியல் போட்டிருந்தார்கள். புள்ளிவிபரவியல், நிகழ்தகவு, அட்சரகணிதம்.

"அப்பா, நீங்களும் இதெல்லாம் படிச்சிட்டா வேலைக்குப் போனீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வழக்கம்போலக் கோபம் வந்தது. நான் பார்த்த வேலைக்கு ஏழாம் ஆண்டுப் பள்ளிக்கூட நூற்றுவீதக் கணக்கே போதும், நண்பரே. அதுதான் மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

போட்டோக்கொப்பி மெஷினின் சூட்டு வாசம் பட்டால் இன்றும் அந்த அலுவலகம் ஞாபகம் வரும். சுனாமிக்கு அடுத்த வருடம் ஓர் உதவி நிறுவனத்தில் பட்ஜெட் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது பணம் தண்ணீர் பட்ட பாடு. கடலோரச் செட்டிபாளையத்தில் ஒரே முற்றத்தில் மூன்று நிறுவனங்கள் கொடுத்த மூன்று தண்ணீர்த் தாங்கிகளைக் கண்டிருக்கிறேன். மிஞ்சினால் அடுத்த வருடம் தரமாட்டார்கள், டிசம்பருக்குள் முடியுங்கள் என்று கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து அரித்தெடுப்பார்கள். மூன்றாவது தாங்கிக்குக் கையெழுத்து வைத்தவன் நான்தான். பெரிய அதிகாரி என்று நினைப்பு வேறு.

யுத்தம் ஓய்ந்து, கரையோரத்தைப் பிரிக்கும் வாவிக்கு மேற்கே வேலை தொடங்கியபோது, அள்ளிக் கொடுத்த அதே கைகள் இறுகிவிட்டன. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வயல் வட்டையோரம் ஒரு கிராமம். இடம்பெயர்ந்து திரும்பியவை இருபத்தைந்து குடும்பங்கள். இருபத்தைந்து வீட்டுக்குத் திட்டம் போட்டேன். கொழும்பு இருபது வீதம் வெட்டியது. இருபது வீட்டுக்குத்தான் காசு. கெஞ்சிக் கூத்தாடி எழுதினோம். இரண்டு மாதத்தில், வெட்டியதைத் திருப்பித் தருகிறோம், இருபது வீதம் கூட்டியிருக்கிறோம் என்று பதில் வந்தது. கணக்குப் பார்த்தேன். இருபத்திநாலு.

நிதிப் பொறுப்பாளருக்குப் போன் எடுத்தேன்.

"ஐசே, இருபது வெட்டினம், இருபது குடுத்தாச்சு. இன்னும் என்ன?"

"சேர், வெட்டினது இருபத்தஞ்சில. கூட்டினது இருபதில. ஒரு வீடு குறையுது."

"ஒரு வீடுதானே. அட்ஜஸ்ட் பண்ணும்."

வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் அவர். தன் சம்பளத்தில் அப்படி வெட்டிக் கூட்டியிருந்தால் அன்றைக்கே கணக்கு விளங்கியிருக்கும்!

அட்ஜஸ்ட் பண்ணுவது என்றால் யாரையோ வெட்டுவது. அதற்கும் ஒரு முறை வைத்திருந்தோம். வீட்டில் உயிரோடு இருக்கிற ஆளுக்கு ஒரு புள்ளி. கூடிய புள்ளி மேலே, குறைந்த புள்ளி கீழே. எக்செலில் அதற்குச் சூத்திரம் எழுதியது நான். எழுதிய அன்று அழகாயிருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன், வெட்கங்கெட்டவன்.

பட்டியலின் அடியில் பாக்கியம் அக்கா நின்றா. ஒரே ஒரு புள்ளி. புருசன் ஷெல்லில் போனார். பிள்ளைகள் இரண்டும் பள்ளி விடுமுறைக்குக் கடற்கரையில் மாமி வீட்டுக்குப் போன இடத்தில் சுனாமி அலையோடு போனார்கள். அந்த மூன்று பேருக்கும் எங்கள் சூத்திரத்தில் புள்ளி இல்லை. கூட இழந்தவளுக்குக் குறையக் கிடைக்கும்படி கணக்கைச் செய்துவைத்திருந்தோம்.

தகவல் சொல்ல நானே போனேன். தகரக் கொட்டிலுக்குள்ளிருந்து வந்து, புள்ளிக் கணக்கையும் சேர்த்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டா. திட்டவில்லை.

"அப்ப என்ட புள்ளையள் ரெண்டும் இருந்திருந்தா எனக்கு வீடு கிடைச்சிருக்குமா மனே?"

"ஓம் அக்கா" என்றேன். அதுதான் சரியான விடை. அந்தச் சரியான விடையை நினைத்தால் இன்றும் என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

அண்மையில் அந்தப் பக்கம் போனேன். வாவியைக் கடக்க நாங்கள் ஏறிய மிதவை இல்லை, பாலம் வந்துவிட்டது. நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. கொட்டில் நின்ற இடத்தில் பற்றையும் புதரும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். "மாரி மழையில கொட்டில் விழுந்த கையோட அவ எங்கயோ போயிட்டா. ஒருத்தருக்கும் தெரியா."

எங்கள் கடைசி அறிக்கையில் தேடினாலும் அவ கிடைக்கமாட்டா. இலக்கு இருபத்திநாலு, கட்டியது இருபத்திநாலு, நிறைவேற்றம் நூறு வீதம். இலக்கு என்ற கட்டத்தில் இருந்த இருபத்தைந்தை அழித்துவிட்டு அந்த இருபத்திநாலை அடித்தவன் நான்.